குளத்தில் விரிசல் இல்லை

அந்தப் பலகையை நான் முதலில் பார்த்தது ஜனவரி கடைசியில், நகர மன்றக் கூடத்தின் பின்னறையில். ஆள் உயரப் பலகை. மேலே கொட்டை எழுத்தில் ஐடெல்லா க்ரூமின் பெயர். அதன் கீழே, இருபத்திரண்டு வயதில் ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சிரிக்கும் அவருடைய படம். அதற்கும் கீழே நான்கு வரிகள். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "1963இல் விரிசல்கள் காரணமாக நகர நீச்சல் குளம் மூடப்பட்டதைத் தொடர்ந்து, திருமதி க்ரூம் நம் குழந்தைகளுக்கு ஆற்றில் நீச்சல் கற்றுத்தர முன்வந்தார்."

இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தேன்.

"எப்படி இருக்கு மிஸ் வெர்னெல்?" பக்கத்தில் நின்ற டெரெல் பிங்க்னி கேட்டான்; மூத்த பெண்களை மிஸ் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஏழு பேர் கொண்ட நகர மன்றத்தில் கறுப்பர்களான எங்கள் ஆட்கள் இரண்டு பேர், அதில் இவன் ஒருவன். ஆர்மிஸ்டனில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். வளைவில் திரும்பினால் வாந்தி எடுப்பான் என்று டெரெலை எனக்குப் பின்னால் முதல் இருக்கையில்தான் உட்காரவைப்பேன். இப்போது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, கோட்டும் டையும்.

"குளத்துல விரிசல் விட்டுச்சுன்னு யாரு சொன்னா?"

"நகராட்சி ஃபைல்ல அப்படித்தான் இருக்கு."

"ஃபைலை யாரு எழுதினா?"

"அறுபது வருஷம் முன்னாடி எழுதினவனை நான் எந்தக் கல்லறையில போய்த் தேடுவேன்?" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். "நம்ம கறுப்பர் வரலாற்று மாசத்தை இத்தனை வருஷமா சர்ச்சுக்குக் கீழ இருக்கிற அறையிலதான் கொண்டாடினோம். இந்த பிப்ரவரிதான் முதல் தடவையா நகர மன்றம் கூப்பிட்டு வச்சு நடத்துது. மேயரே வர்றாரு. ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க."

"அந்த ஒரு வார்த்தைதான்டா பொய்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே மிஸ் வெர்னெல். எழுதித்தான் தெரியணுமா?"

எல்லோருக்கும் தெரியும், உண்மைதான். எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது.

1963 ஜூன் மாதம், நகரக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதுவரை அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்; நாங்கள் அந்தக் குளத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தோம். தீர்ப்பு வந்த அன்று அப்பா, "முதல் நாளே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்டா" என்று என் அண்ணன் லூசியஸிடம் சொன்னார். அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி அவனுக்கு நீச்சல் கால்சட்டை தைத்தாள். மஞ்சள் பூப் போட்டது. பெண்பிள்ளைத் துணி என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான். அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு.

செவ்வாய்க்கிழமை நகர மன்றம் கூடியது. வியாழக்கிழமை காலை லாரிகள் வந்தன. சத்தம் கேட்டு நானும் லூசியஸும் ஓடிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் லாரி பின்பக்கமாக வந்து செம்மண்ணைக் குளத்தில் கொட்டியது. இரண்டாவது கொட்டியது. மூன்றாவது லாரியை ஓட்டி வந்தவர் எங்கள் அப்பா.

ஹோரஸ் பாஸ்கம். நகராட்சிச் சாலைப் பிரிவில் லாரி ஓட்டுநர். அவர் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பெட்டியைத் தூக்கினார். மண் சரிந்து விழுந்தபோது தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பிச் சிதறியது. ஆமாம், தண்ணீர். குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. விரிசல் விட்ட குளத்தில் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று அந்த ஃபைலை எழுதியவன் எனக்கு விளக்கட்டும்.

அடுத்த வருடம் ஜூலையில் லூசியஸ் இரண்டு கூட்டாளிகளோடு பழைய கல்குவாரியில் குளிக்கப் போனான். கூட்டாளிகள் மட்டும் திரும்பி வந்தார்கள். ஆண்கள் கயிறும் கொக்கியும் கொண்டுபோய் மதியம்வரை துழாவினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை. அத்தையின் சாவுக்காகச் சிகாகோவிலிருந்து வந்திருந்த ஐடெல்லா அப்போது அந்த வழியாக இடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து விசாரித்தார். காலணியைக் கழற்றினார். துக்க வீட்டுக் கறுப்பு உடையோடு குதித்தார். மூன்றாவது முறை மேலே வந்தபோது அண்ணன் அவர் கையில் இருந்தான்.

அவர் சிகாகோவுக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கே ஒரு சலவைக்கூடத்தில் நல்ல வேலை. விட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஆற்றில் இறங்கி நின்றுகொண்டு, கரையில் நின்ற அம்மாமார்களைப் பார்த்து, "பிள்ளைங்களை அனுப்புங்க" என்றார். முதலில் அனுப்பப்பட்டவள் நான். என் அம்மா என்னை அனுப்பிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள், பார்க்கத் தைரியமில்லாமல். இருபத்தாறு வருடம், கோடை தவறாமல், சம்பளம் இல்லாமல் ஐடெல்லா அந்த ஆற்றில் நின்றார். அந்த இருபத்தாறு வருடத்தில் எங்கள் பிள்ளை ஒன்றுகூடத் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை.

லூசியஸ் போன பிறகு அப்பா லாரி ஓட்டவில்லை. கேட்டு வாங்கித் தெருக் கூட்டும் வேலைக்குப் போனார். குளத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை. நானும் வெளியில் மூச்சு விட்டதில்லை. தன் மகனுக்குத் தானே குழி வெட்டினவன் என்று ஊர் என் அப்பாவைச் சொல்லும். அதை நான் யார் வாயிலிருந்தும் கேட்கத் தயாராக இல்லை. ஐடெல்லாவிடம்கூடச் சொன்னதில்லை.

விழாவில் மூன்று நிமிடம் பேச என்னையும் கேட்டிருந்தார்கள். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. நீதிமன்றம் என்ற சொல் அடிக்கப்பட்டிருந்தது. மண், லாரி, வேலி எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. என் அண்ணன் பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவன் எதனால் குவாரிக்குப் போனான் என்ற வரி போய்விட்டது. படித்தால், ஏதோ வெயில் தாங்காமல் தானாகப் போய் விழுந்தவன் மாதிரி இருந்தது.

டெரெலுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நீ அடிச்சியா?"

"விழாக் கமிட்டி அடிச்சுது."

"கமிட்டிக்குப் பேனா புடிக்கக் கை இருக்கா? யாரோட கை?"

குரலைத் தாழ்த்தினான். "கேளுங்க. ஆத்தங்கரைப் பூங்காவுக்கு மிஸ் ஐடெல்லா பேரை வைக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்திருக்கேன். மார்ச்சுல ஓட்டு. நாங்க ரெண்டு பேரு, கூட ஒருத்தரைத் தேத்தி வச்சிருக்கேன். இன்னும் ஒருத்தர் வேணும். மேயர் கண்ணைக் காட்டினா அது வந்துடும். நீங்க அங்க சண்டை போட்டீங்கன்னா போயிடும். அவ்வளவுதான் கணக்கு."

"அவங்களுக்குப் பொய் வேணும், நமக்குப் பூங்கா வேணும்."

"ஆமா. எனக்குப் பூங்கா வேணும். இருபது வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் போற ஒரு பிள்ளை அவங்க பேரைப் படிக்கணும். நீங்க திட்டுறதுன்னா திட்டிக்கங்க."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கெட்டவனாக இருந்தால் போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஐடெல்லா வீட்டுக்குப் போனேன். எண்பத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஊதா நிறத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறகு இந்தப் பக்கம் வரணுமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா மிஸ் ஐடெல்லா?"

"தெரியும். டெரெல் படிச்சுக் காட்டினான். இறகு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். விரிசல்னு போட்டிருக்கான். உங்களுக்குக் கோபம் வரலையா?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கோபத்தை நான் ஆத்துல நின்னே கழிச்சாச்சு. நீ பஸ்ல உக்காந்து சேத்து வச்சிருக்கே. இங்க பாரு வெர்னெல். இந்த ஊர்ல என்னைச் சமையக்காரின்னு கூப்பிட்டிருக்காங்க, ஏய்னு கூப்பிட்டிருக்காங்க. ஒரு வெள்ளைக்கார மேயர் எழுந்து நின்னு மிஸஸ் ஐடெல்லா க்ரூம்னு சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அதைக் கேக்கணும். ஒரே ஒரு சாயங்காலம். கேக் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவேன். அதுக்கப்புறம் நீ ஊரைக் கொளுத்துறதுன்னா கொளுத்து. தீப்பெட்டி நான் தர்றேன்."

"அடிச்சுக் கொடுத்ததை அப்படியே படிக்கச் சொல்றீங்களா?"

"படி. எனக்காகப் படி."

படிக்கிறேன் என்றேன். அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அதை இங்கே மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. பின்சுவர் ஓரமாக நீள மேசைகளில் எங்கள் சர்ச் பெண்கள் வறுத்த கோழியும் கீரையும் சோள ரொட்டியும் அடுக்கியிருந்தார்கள். இந்த ஊரில் முதன்முதலில் மருந்துக்கடை வைத்த எங்கள் ஆள், போரில் பதக்கம் வாங்கிய எங்கள் ஆள், மாநில அளவில் ஓடி ஜெயித்த பெண் என்று சுவர் முழுக்கப் படங்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். முன்வரிசையில் ஐடெல்லா, இடது பக்கம் இறகு வைத்த ஊதாத் தொப்பியோடு, அரசி மாதிரி. அவரிடம் நீச்சல் கற்றவர்கள் எல்லாம் எழுந்து நிற்கச் சொன்னபோது ஏறக்குறைய பாதிக் கூடம் எழுந்தது. நரைத்த தலைகள். நானும் எழுந்தேன். அந்த நிமிடம் எனக்குக் கோபமே இல்லை. அப்படியே முடிந்திருக்கலாம்.

மேயர் பேச வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். "மிஸஸ் ஐடெல்லா க்ரூம்" என்று சரியாகத்தான் சொன்னார். ஐடெல்லாவின் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அத்தோடு அவர் நிறுத்தியிருக்க வேண்டும்.

"நம்ம குளத்துல விரிசல் விட்டுச்சு," என்றார் மேயர். "ஆனா ஆர்மிஸ்டன் ஜனங்களுக்கு நடுவுல ஒருநாளும் விரிசல் விட்டதில்லை."

யோசித்துத் தயாரித்த வாக்கியம். கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினார். கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும் தட்டினார்கள். டெரெலும் தட்டினான். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடைக்குப் போய்த் தாளைப் பிரித்தேன். முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியில் லூசியஸ் பெயர் வந்தது. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு அடுத்த வரியைப் படிக்க என் வாய் மறுத்துவிட்டது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

"குளத்துல விரிசல் இல்லை," என்றேன். "நான் பாத்தேன். எனக்கு எட்டு வயசு. குளம் நிறையத் தண்ணி இருந்துச்சு. நாங்க அதுல இறங்கிடக் கூடாதுன்னு இந்த நகர மன்றம் லாரி லாரியா மண்ணைக் கொட்டி மூடிச்சு. அந்த லாரியில ஒண்ணை ஓட்டினது என் அப்பா ஹோரஸ் பாஸ்கம். ஓட்டலைன்னா வேலை போயிடும், வேலை போனா வீடு போயிடும். அவரை அந்த வண்டியில உக்கார வச்சது யாருன்னு உங்க ஃபைல்ல இருக்கா மேயர்?"

ஒலிபெருக்கியை யாரோ நிறுத்திவிட்டார்கள். அறுபது பிள்ளைகள் கத்தும் பேருந்தில் கடைசி இருக்கைவரை போய்ச் சேர்ந்த குரல் இது. எனக்கு அந்தக் கருவி தேவையில்லை.

"அடுத்த வருஷம் என் அண்ணன் குவாரியில செத்தான். பக்கத்துலயே குளம் இருந்த ஊர்ல பன்னெண்டு வயசுப் பிள்ளை குவாரிக்கு ஏன் போனான்? மிஸ் ஐடெல்லா முன்வந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க முன்வரலை. அவங்க பொணத்தைத் தூக்கிட்டு வெளிய வந்தாங்க. நீங்க செஞ்சதை அவங்க இருபத்தாறு வருஷம் கழுவினாங்க. பாராட்டுறதுன்னா அதைச் சொல்லிப் பாராட்டுங்க. இல்லைன்னா அந்தப் பலகையை எடுத்துட்டுப் போய் அடுப்புல வைங்க."

பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினார். நாலைந்து பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விழா முடிந்தது என்றார், பக்கத்துக் கதவு வழியாகப் போனார். ஐடெல்லாவுக்குக் கொடுக்க வைத்திருந்த கேடயம் மேசையிலேயே கிடந்தது. கொடுக்க ஆளில்லை. கோழியைத் தொட்டவர்களும் குறைவு.

வெளியே காரில் ஐடெல்லா முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். நான் கதவருகே போய் நின்றேன்.

"எனக்கு வாக்குக் கொடுத்தே," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு சொன்னதைக் கேட்டுக்கிட்டு..."

"எனக்குக் காது இருக்கு. நானும் கேட்டேன். என் நாள் அது. உன் அப்பனுக்கும் உன் அண்ணனுக்கும் அந்த மேயருக்கும் நடுவுல என்னைத் தூக்கிப் போட்டுட்டே." தொப்பியின் இறகை நீவினார். "ஹோரஸ் அந்த லாரியை ஓட்டினது உனக்கு அறுபது வருஷமாத் தெரியும்."

"தெரியும்."

"அந்தப் பிள்ளையை நான் தூக்கிக் கரையில போட்டப்போ ஹோரஸ் என் காலைப் பிடிச்சுக்கிட்டு, என்னை மன்னிச்சிடுன்னு அழுதான். என்கிட்ட ஏன் மன்னிப்புக் கேக்குறான்னு இன்னைவரைக்கும் எனக்குப் புரியலை. மேடையில மைக்ல சொல்லி எனக்குத் தெரியவைக்கிறே. கதவைச் சாத்து."

சாத்தினேன்.

மார்ச்சில் ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றுக்கு நான்கு. பூங்கா பழைய பெயரிலேயே இருந்தது. டெரெல் என்னை வழியில் பார்த்தபோது, "சந்தோஷமா மிஸ் வெர்னெல்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். பலகையைத் திருத்திவிட்டதாகக் கடிதம் வந்தது. போய்ப் பார்த்தேன். "விரிசல்கள் காரணமாக" என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டிருந்தார்கள். "1963இல் நகர நீச்சல் குளம் மூடப்பட்டதைத் தொடர்ந்து" என்று இருந்தது. யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள், ஒன்றும் இல்லை. குளம் தானாகவே கண்ணை மூடிக்கொண்டது போல. பொய்யைக்கூட நான் பொறுத்திருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. இது அப்படியில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிற வேலை.

சர்ச்சில் ஐடெல்லா இடம் மாறி உட்கார்ந்தார். முப்பது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆறு வரிசை முன்னால் போய்விட்டார். நான் செய்தது சரி என்று பகலில் பத்து முறை சொல்லிக்கொள்வேன். சரியாகச் செய்தவளுக்கு இப்படி நெஞ்சு அடைக்குமா என்றும் கேட்டுக்கொள்வேன். எல்லோர் மேலும் கோபம். அவர் மேல், டெரெல் மேல், என் மேல், செத்துப்போன அப்பா மேல். மேயர் மேல் மட்டும் கோபம் குறைந்திருந்தது. அந்த ஆள் அவ்வளவுக்குத் தகுதியில்லாதவர்.

மே மாதம் ஒரு மதியம் தொலைபேசி அடித்தது.

"எந்தப் பக்கம் ஆழம்?" ஐடெல்லாவின் குரல். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னது?"

"குளத்துல. நீதான் பாத்தியே. நீதிமன்றப் பக்கமா, தபாலாபீஸ் பக்கமா?"

"தபாலாபீஸ் பக்கம். டைவ் அடிக்கிற பலகை அங்கதான் இருந்துச்சு."

"நீளம் எவ்வளவு இருக்கும்?"

"தெரியலை. எதுக்கு?"

"தெரிஞ்சுட்டு வா. நூலகத்துல பழைய பேப்பர் இருக்கும். குளம் திறந்தப்போ பெருமையாப் போட்டிருப்பான்."

போட்டிருந்தான். நூற்றிருபது அடி நீளம், ஐம்பது அடி அகலம், "மாநிலத்தின் இந்தப் பகுதியிலேயே மிகச் சிறந்தது". எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நான் அந்தக் குளத்துக்குள்ள ஒரு தடவைகூட நின்னதில்லை," என்றார். "ஊரே எனக்கு நீச்சல்காரின்னு பேரு வச்சிருக்கு. அந்தக் குளத்தோட தரை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. செத்துப்போறதுக்குள்ள நிக்கணும்."

குளம் இருந்த இடம் இப்போது நகர மன்றத்தின் வண்டி நிறுத்துமிடம். மேலே தார் போட்டு எழுபது கார் நிற்கிறது. பிப்ரவரி விழாவுக்கு வந்த எல்லோரும் அந்தக் குளத்தின் மேல்தான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள்.

ஜூன் பத்தொன்பது, அடிமைத்தனம் ஒழிந்ததைக் கொண்டாடும் எங்கள் விடுதலை நாள். வழக்கமாகச் சர்ச் மைதானத்தில் இறைச்சி சுட்டு, பேண்டு வாசித்து, பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். இந்த முறை பேண்டு சர்ச்சிலிருந்து புறப்பட்டுத் தெருவில் நடந்து நகர மன்றத்துக்குப் பின்னால் வந்தது. விடுமுறை நாள், ஒரு வண்டியும் இல்லை. வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் ரூஃபஸ், கயிறு கட்டி நாலு மூலைக்கும் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தார். நீல பெயின்ட் பன்னிரண்டு வாளி. பெரியவர் சிறியவர் எல்லோரும் உருளையும் பிரஷும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பிப்ரவரியில் மடியைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் பலவும் அங்கே இருந்தன. மதியத்துக்குள் தார்மேல் நீலமாக ஒரு குளம், நூற்றிருபதுக்கு ஐம்பது. ஓரத்தில் வெள்ளையில் ரூஃபஸ் எழுதினார்: "1963இல் எங்களைத் தடுக்க நகர மன்றம் மண் போட்டு மூடிய குளம். தண்ணீர் இருந்தது."

டெரெல் வந்தான். கோட்டு இல்லை, ஆனால் முகத்தில் கோட்டு இருந்தது.

"இதுக்கு அனுமதி இருக்கா?"

"ஆத்துல உன் வயித்தைப் பிடிச்சு மிதக்கவிட்டப்போ நான் யார்கிட்டடா அனுமதி வாங்கினேன்?" என்றார் ஐடெல்லா.

"மிஸ் ஐடெல்லா, போலீஸைக் கூப்பிடச் சொல்லி மேயர் எனக்கு மூணு தடவை போன் பண்ணிட்டாரு."

"கூப்பிடு."

அவன் நீலத்தின் ஓரத்தில் வந்து நின்றான். காலணி நுனி பெயின்டில் படாமல் பார்த்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். போனை எடுக்கவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

ஐடெல்லாவை இரண்டு பக்கமும் பிடித்துத் தபாலாபீஸ் பக்கம் கூட்டிப்போனோம். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றார். கீழே குனிந்து பார்த்தார். பேண்டு நிறுத்திக்கொண்டது.

"இவ்வளவுதானா," என்றார். "இந்தத் துக்கடா குளத்துக்கா ஒரு பிள்ளையைக் கொன்னானுங்க."

அவர் அழவில்லை. அவர் தாடை இறுகித் துடித்துக்கொண்டிருந்தது. அத்தனை வருடம் ஆற்றில் கழித்துவிட்டேன் என்று சொன்ன கோபம் எங்கேயும் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை நகராட்சி ஆட்கள் வந்து எல்லாவற்றின் மேலும் கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். சனிக்கிழமை நாங்கள் மறுபடி போனோம். முதல் தடவை வந்ததைவிடக் கூட்டம் அதிகம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூன்று வந்தன. அதில் ஒரு கிழவி, "நான் இதுல நீந்தியிருக்கேன், மண் போட்டப்போ என் அப்பா கை தட்டினாரு" என்று சொல்லிவிட்டு உருளையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. இடம் விட்டேன். அடுத்த புதன்கிழமை அதையும் கறுப்பாக்கினார்கள்.

அன்று மதியமே ஐடெல்லா அழைத்தார்.

"ரூஃபஸ்கிட்டச் சொல்லு. வீட்டுச் சுவருக்கு அடிக்கிறதைக் கொண்டு வராதேன்னு. ஹைவேல கோடு போடுவாங்களே, அந்த பெயின்ட்ல நீலம் கிடைக்குதான்னு கேளு."

"அது சீக்கிரம் அழியாதாமே."

"அழியாது. சுரண்டி எடுக்க மெஷின் வேணும். மெஷினுக்கு மன்றத்துல தீர்மானம் போடணும். தீர்மானத்துல என்னத்தை அழிக்கிறோம்னு எழுதித்தான் ஆகணும்." மூச்சு வாங்கினார். "சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து என்னைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போ. லேட் பண்ணாதே. உன் மேல எனக்கு இன்னும் கோபம்தான்."

"தெரியும் மிஸ் ஐடெல்லா," என்றேன். வண்டிச் சாவியைத் தேடினேன்.